தாப்பா

பெயருக்கு முன்னால் எண் கொடுத்தார்கள். நாற்பத்தொன்று.
உள்பாவாடை, துவாலை, தலையணை உறை,
ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் தொப்பியின் உள்நாடா
எல்லாவற்றிலும் சிவப்பு நூலில் அதே எண்.
எனக்கு முன் நாற்பத்தொன்றாய் இருந்தவள்
ஆட்டுக்குட்டி போலொரு மைக்கறையை
மெத்தையில் விட்டுப்போயிருந்தாள்.

தூய ஹில்டா பெண்கள் விடுதி, பினாங்கு.
ஐந்து பெண்களோடும் ஒரு ஆர்மோனியத்தோடும் தொடங்கியதாம்.
நிறுவியவர் நாளன்று ஐந்து விளக்கு ஏற்றுவோம்.
ஆர்மோனியத்தைக் கரையான் தின்றது,
அதற்கு விளக்கு கிடையாது.
ஜப்பான்காரன் காலத்தில் பெயர்ப்பலகையைப் பிளந்து
அடுப்பெரித்தார்கள்.
பிறகு பெரிய மிஸ் நினைவிலிருந்து திரும்ப எழுதவைத்தார்.
1923க்கு நேரே மட்டும் வெறும் மரம்.
அந்த வருஷத்துக்காரி யாரென்று
சாகும்வரை அவருக்கு வரவேயில்லை.

ஞாயிறு காலை இருவர் இருவராய்க் கோயிலுக்கு.
காவடித்தண்டில் நாசி கண்டார் எதிரே வரும்.
கண்ணை நேரே வை என்பார்கள்.
மூக்கைப் பற்றிச் சட்டம் ஏதுமில்லை.

வீட்டுப் பாஷை பேசினால் கழுத்தில் ஒரு நூல்கட்டை.
நூல் எப்போதோ தீர்ந்தது. எத்தனையோ கழுத்தின் வேர்வை குடித்துக்
கறுத்தது.
அடுத்தவளுக்கு வாய் தவறும்வரை கழற்றக்கூடாது.
தமிழோ ஹொக்கியனோ மலாயோ, கட்டைக்கு எல்லாம் ஒன்று.
இரவு ஜெபத்தில் யார் கழுத்தில் இருக்கிறதோ
அவளுக்கு ஐம்பது வரி.

நான் கெட்டிக்காரி. பகலில் ஒருநாளும் மாட்டியதில்லை.
ஆனாலும் விடிந்து பார்த்தால்
கட்டை என் கட்டில் கம்பியில் தொங்கும்.
தூக்கத்தில் பேசுகிறாய் என்றார் மேட்ரன் மிஸ் ஆல்ட்ரிட்ஜ்,
அதுவும் தமிழில்.
என்ன பேசினேன்?
அது தமிழ் என்பதுவரைதான் அவருக்குத் தெரியும்.
இரவிலும் நான் ஆங்கிலமே பேசுவேன் என்று
ஐம்பது தடவை எழுதினேன், நல்ல கையெழுத்தில்.

சென்ற ஆகஸ்டில் ஆண்டுவிழா.
படுக்கைக்கூடம் பூப்பந்துக் கூடமாகிவிட்டது.
நாற்பத்திரண்டு வந்திருந்தாள்,
ஊய் கிம் சூ, முழங்காலில் இரும்பு, காதில் கருவி.
உன் ஜெபம் எனக்கு இன்னும் மனப்பாடம், எப்சிபா, என்றாள்.
எந்த ஜெபம்?
தினமும் ராத்திரி சொல்வாயே.
கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:
"தாப்பா போலாதெ, நா வெளிய இக்கேன்."

தாப்பா என்றால் மலாயில் பரவாயில்லை என்றுதானே,
அதனால் ஏதோ ஆறுதல் ஜெபம் என்று நினைத்தேன்.
சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் சொன்னேன்.
இரட்டைப்பிள்ளைப் பிரசவத்தில் கத்தியே சொன்னேன்,
தாதி பயந்துவிட்டாள்.
ஹோக் செங்கை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது
கண்ணாடிக் கதவுக்கு இந்தப்பக்கம் நின்று
நான்கு மணிநேரம்.
மீதிக்கு என்ன அர்த்தம்?

அவசரகாலம் அது. நிபோங் திபாலில் எங்கள் தோட்டம்.
ஊரடங்குக்கு முன்பே அப்பா கதவைச் சாத்தி
இரும்புத் தாப்பாவை இழுத்துவிடுவார்.
பல்லில் மண் கடிபட்ட மாதிரி ஒரு சத்தம்.
மறந்துவிட்டேன் என்றே இருந்தேன்.

கதவைப் பூட்டாதே, நான் வெளியே இருக்கிறேன்,
என்றேன் அவளுக்கு, ஆங்கிலத்தில்.
அவ்வளவுதானா?
அவ்வளவுதான்.
கருவியைக் கொஞ்சநேரம் திருகிக்கொண்டிருந்தாள்.
அங்கே அதைத்தான் சொல்லவேண்டியிருந்தது, என்றாள், நல்லவேளை.

சாப்பாட்டு மணி அடித்தது.
யாரும் சொல்லாமலே எண் வரிசையில் போய் நின்றோம்,
நான் முன்னே, அவள் பின்னே.
மீகூன் தீர்ந்துவிட்டதே என்றாள் பரிமாறிய பெண்.
தாப்பா, என்றாள் கிம் சூ.